மூன்று தடவை எப்பே

ஒன்செவிக்
3 செப்டம்பர் 1993

ஹோல்கர்,

அண்ணா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. வெறும் பெயரே போதும் உனக்கு.

நேற்று முன்தினம் ஸ்வென்போர்கில் படகு விபத்து விசாரணை நடந்தது. நீ வரவில்லை. என்னைக் கடலிலிருந்து காப்பாற்றியவர் என்ற முறையில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டாயாம், அதுவே போதுமாம். அதை வாசித்தார்கள். "மூடுபனியில் மோதிய சத்தம் கேட்டு விரைந்தேன்" என்று இருந்தது. அதற்கு முன்னால் என்ன கேட்டாய், என்ன சொன்னாய் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பிறகு ஒரு ஒலிநாடாவைப் போட்டார்கள். வயர்லெஸில் எல்லாக் கப்பலும் படகும் கேட்கும் பதினாறாம் சேனலில் யார் என்ன பேசினாலும் கரை நிலையத்தில் பதிவாகிவிடுமாம். எனக்கு அது தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் அந்தத் தாளை வேறு மாதிரி எழுதியிருப்பாய்.

கப்பல்காரன் இங்கிலீஷில் கூப்பிடுகிறான். என் வலப்பக்கம் இருக்கும் சின்னப் பாய்மரப் படகே, நீ நகர்கிறாயா? அதே வேகத்தில் போய்க்கொண்டிரு, நான் உன் பின்னால் கடந்துபோகிறேன், பதில் சொல் என்கிறான். ஒரு கரகரப்பு. அப்புறம் ஓர் ஆண்குரல்: "யெஸ், யெஸ். நான்தான். ஓகே." அந்த 'நான்தான்' மட்டும் நம் மொழி. அது கப்பல்காரனுக்கு என்ன புரியும்? யெஸ் புரிந்தது, ஓகே புரிந்தது, கப்பலைத் திருப்பிவிட்டான். இரண்டு நிமிடத்தில் கப்பல் எங்கள் மேல் ஏறியது.

விசாரணை அதிகாரி என்னைப் பார்த்து, "அம்மா, இது உங்க வீட்டுக்காரர் குரலா?" என்று கேட்டார்.

நான் "தெரியலைங்க" என்றேன்.

தெரியலையாம். ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்கும் குரல். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து என்னை அதட்டிய குரல். அது உன் குரல், ஹோல்கர். நான் பொய் சொன்னேன், உனக்காக, என் புருஷன் எப்பேயைப் புதைத்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில்.

இப்போது எல்லாரும் அது எப்பே என்று நினைக்கிறார்கள். ஓகே சொல்லிவிட்டு நடுப்பாதையில் நின்றுவிட்டானாம். பத்திரிகையில் அப்படியே போட்டுவிட்டார்கள். உன் படமும் அதே பக்கத்தில், என்னைக் காப்பாற்றியதற்கு மீட்புக் குழு கொடுத்த கேடயத்தோடு.

அக்டோபர் ஐந்தாம் தேதி மறுபடியும் விசாரணை. நீ வந்து சொல்ல வேண்டும்.

தோரா

•

பாகென்கோப்
10 செப்டம்பர் 1993

தோரா,

ஃபோன் பண்ணினால் எடுக்கிறாய், மூச்சு விடுகிறாய், வைத்துவிடுகிறாய். ஆறு தடவை ஆயிற்று. இப்போது கடிதத்தில் வாய் திறந்திருக்கிறாய், அதுவும் இப்படி.

கரகரக்கும் நாடாவில் நாலு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு கூடப்பிறந்தவன் மேல் ஒரு சாவைத் தூக்கிப் போடுகிறாய். யெஸ், யெஸ், ஓகே என்று இந்தக் கரையில் எவன்தான் சொல்லவில்லை? பாதிரியார்கூடச் சொல்வார். அந்த வயர்லெஸ் பெட்டிக்குள் போனால் எல்லார் குரலும் ஒன்றுதான், தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி.

இருபது நிமிடம் உன்னைத் தேடினேன். முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. நீ கத்துவதை வைத்துப் படகைத் திருப்பித் திருப்பி வந்தேன். உன் முடியைக் கையில் சுற்றி இழுத்துப் போட்டேன், என் முழங்கை இன்னும் மடங்கவில்லை. அதற்கு ஒரு வார்த்தை எழுதினாயா? எப்பேயையும் நான்தான் தூக்கினேன். பாய்மரம் விழுந்து அவன் தலை இருந்த கோலத்தை உன்னைப் பார்க்கவிடாமல் என் கோட்டைப் போட்டு மூடியவனும் நான்தான்.

இன்னொன்று. பனி விலகட்டும், மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்று நான் சொல்லவில்லையா? கேட்டீர்களா? கப்பல் போகிற பாதையில், காற்று விழுகிற நேரத்தில், அந்த மரப்படகைக் கொண்டுபோய் நிறுத்தியது நானா?

உன் அண்ணி போதில் உன்னை நினைத்து அழுகிறாள். அதையாவது யோசி.

ஹோல்கர்

•

ஒன்செவிக்
13 செப்டம்பர் 1993

ஹோல்கர்,

மதியம் வரை இருங்கள் என்று சொன்னாயா? நீயா? உன் அறுபதாம் பிறந்தநாளுக்கு வந்த முப்பது பேரில் யாரை வேண்டுமானாலும் கேள். மறுநாள் காலை, கையில் காப்பிக் கோப்பையோடு படகுத்துறையில் நின்று நீ சொன்னது இது: "என்ன மாப்ளே, இதெல்லாம் ஒரு பனியா? எங்க ஊர்ல இதுக்குப் பேரு வெயில்!" எல்லாரும் சிரித்தார்கள். எப்பேயும் சிரித்தான். அவனுக்குக் கிளம்ப இஷ்டமே இல்லை. உன் முன்னால் பயந்தவனாகத் தெரியக் கூடாது என்றுதான் கயிற்றை அவிழ்த்தான். அதுவும் போதாமல் உன் படகு 'ராக்னா'வைக் கிளப்பிக்கொண்டு, "நான் பாதி தூரம் வந்து விட்டுட்டு வர்றேன், பயப்படாதே" என்றாய்.

நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரியாத பாதி இது.

நம் இரண்டு கரைக்கும் இடையிலுள்ள பெல்ட் நீரிணையின் நடுவுக்கு வந்தபோது காற்று செத்தது. பாய் தொங்கியது. எங்கள் படகு 'தெர்னன்' அசையவில்லை. நான் பின்னால் உட்கார்ந்து அவுட்போர்டு எஞ்சினின் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தேன், அது இருமிக்கொண்டே இருந்தது. அப்போது கப்பல்காரன் கூப்பிட்டான். எப்பேக்கு உடனே புரிந்துவிட்டது. நாம் நகர்கிறோம் என்று அவன் நினைக்கிறான், நம் பின்னால் என்று அவன் திருப்பும் இடத்தில்தான் நாம் நிற்கிறோம். மைக்கை எடுத்தான். எப்போதும் போல, அந்த நேரத்திலும், "தெர்னன், தெர்னன், தெர்னன் பேசுது. காத்து இல்ல. நிக்கிறோம். நகர முடியல. பின்னால வராதீங்க!" இங்கிலீஷில் நன்றாகச் சொன்னான். பட்டனை விட்டான். பதில் இல்லை. மறுபடி அழுத்தப் போனான். அதற்குள் கப்பலின் இரைச்சல் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அது ஏன் நாடாவில் இல்லை தெரியுமா? விசாரணையில் ஒரு பொறியாளர் சொன்னார்: ஒரே நொடியில் இரண்டு பேர் பட்டனை அழுத்தினால் வலுவான பெட்டியின் குரல்தான் கேட்கும், மற்றது காணாமல் போய்விடும். பொதுவாகத்தான் சொன்னார், அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் உட்கார்ந்த இடம் சுட்டது. உன் புதுப் பெட்டி, பாய்மர உச்சியில் ஆண்டெனா, வசந்தத்தில் வாங்கி எல்லாருக்கும் காட்டினாயே, அது. நீ அவனுக்குப் பதிலாகப் பேசியது மட்டுமில்லை ஹோல்கர். அவன் பேசியதை அழித்தும்விட்டாய்.

அவனுக்கு நீங்கள் வைத்த பெயர் ஞாபகம் இருக்கிறதா? மூன்று தடவை எப்பே. "டேய் மூணு தடவை, உன் படகு பேரு உனக்கே மறந்துருமா?" உங்கள் ஊரில் அடுப்படிக்கு அடுப்படி ஒரு வயர்லெஸ் பெட்டி. உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே ஊர் முழுக்கக் கேட்கும். குரலை வைத்தே இன்னார் என்று தெரிந்துவிடும், அதனால் யாரும் படகின் பெயரைச் சொல்வதில்லை. நான்தான் என்றால் போதும். சொன்னால் அலட்டல். கடலில் இருப்பவன் எல்லாம் பாகென்கோப்காரனா? அந்தக் கப்பல்காரனுக்கு உன்னைத் தெரியுமா?

நீ காப்பாற்றியதற்கு நன்றி எழுதவில்லை என்கிறாய். எழுதத்தான் நினைத்தேன், நாடாவைக் கேட்கும்வரை.

தோரா

•

பாகென்கோப்
22 செப்டம்பர் 1993

தோரா,

ஒரு வாரமாக எழுதிக் கிழித்தேன். இது எப்படி வந்தாலும் தபாலில் போட்டுவிடுவேன்.

ஆமாம்.

கப்பல்காரன் கூப்பிட்டபோது நான் உங்களுக்குத் தெற்கே அரை மைல் தள்ளி இருந்தேன், கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எனக்குக் கொஞ்சம் காற்று இருந்தது. அவன் சொன்னதில் எனக்குப் புரிந்தது பாய்மரப் படகு, போய்க்கொண்டிரு, அவ்வளவுதான். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அன்று சாயந்தரத்துக்குள் துறைமுகம் முழுக்கப் பேச்சாகியிருக்கும், "ஹோல்கருக்குப் புதுப் பெட்டி இருக்கு, காதுதான் இல்ல"ன்னு. பிறந்தநாளுக்கு மறுநாள். அதனால் யெஸ் யெஸ் என்றேன். இருபது வருஷமாக இங்கிலீஷில் எவன் எது கேட்டாலும் நான் சொல்வது அதைத்தான். ஒன்றும் ஆனதில்லை.

மோதிய சத்தம் கேட்ட அந்த நொடியே தெரிந்துவிட்டது. உன்னை இழுத்துப் போடும்போதும் தெரியும். கேடயத்தை வாங்கும்போதும் தெரியும். கொடியேற்றினார்கள், நான் நின்றேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் ஒவ்வொரு நாளும் இன்னும் கஷ்டமாகிவிட்டது.

இப்போது நான் கேட்பதைக் கோபப்படாமல் கேள். சொல்வதால் யாருக்கு என்ன பிரயோசனம்? எப்பே வந்துவிடுவானா? அவன் போய்விட்டான், அவனுக்கு இனி என்ன பெயர் வந்தால் என்ன? அவன் காதில் விழப்போகிறதா? நான் இங்கே இருக்கிறேன். தினமும் இந்தத் துறைமுகத்தில் நடக்க வேண்டும், மீட்புப் படகில் பையன்களோடு ஏற வேண்டும். தெரிந்தால் எவன் என்னோடு ஏறுவான்? போதில் கடைக்கு எப்படிப் போவாள்?

நீ தெரியலை என்றாய். அது போதும் தோரா. அப்படியே விட்டுவிடு. அம்மா இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

உன் அண்ணன்

•

ஒன்செவிக்
25 செப்டம்பர் 1993

அம்மாவை இழுக்காதே.

அவனுக்கு என்ன பெயர் வந்தால் என்ன என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைக் கத்தரித்து உன் கேடயத்தில் ஒட்டிவைத்துக்கொள். அவன் காதில் விழாது, சரி. என் காதில் விழுகிறது. ரொட்டிக் கடையில், சர்ச் வாசலில், சலூனில். "பாவம், ஓகே சொல்லிட்டு நின்னுட்டாராமே?" என்கிறார்கள் என் முகத்தைப் பார்த்து. பரிதாபப்படுகிறார்கள்! கடலில் ஒரு தடவைகூட ஒரு வார்த்தையைக் கவனமில்லாமல் விட்டவனில்லை என் புருஷன். அவனை ஒரு முட்டாளாக எழுதி முத்திரை குத்தி, கோப்பில் வைத்துக் கட்டப்போகிறார்கள், நீ துறைமுகத்தில் தலை நிமிர்ந்து நடப்பதற்காக.

போதில் அண்ணி நேற்று வந்தாள், உன்னிடம் சொல்லாமல். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "நான் கேட்டேன் தோரா. மீனுக்கு மாவு புரட்டிக்கிட்டிருந்தேன். யெஸ் யெஸ்னு அவரு குரல் வந்துச்சு. இவரு எதுக்கு இங்கிலீஷ்ல பேசுறாருன்னு சிரிச்சேன். சிரிச்சேன் தோரா" என்று அழுதாள். அவள் மட்டுமில்லை, அந்தத் தெருவில் நாலைந்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும். உன் ஊரே தெரிந்துகொண்டுதான் உனக்குக் கொடியேற்றியது.

நான் சொன்ன பொய்யை நான்தான் திருத்த வேண்டும், திருத்துவேன். ஐந்தாம் தேதி காலை பத்து மணி. முதல் படகில் கடந்து வருகிறேன். நீ முதலில் எழுந்து சொல். இல்லாவிட்டால் நான் எழுந்திருப்பேன்.

தோரா

•

பாகென்கோப்
7 அக்டோபர் 1993

தோரா,

நீ வரவில்லை. வர முடியாது என்று எனக்கு அப்போது தெரியாது. புயலால் கார் ஏற்றும் பயணப் படகு ஓடவில்லை என்று மதியம்தான் கேள்விப்பட்டேன். ஃபோன் கம்பியும் அறுந்துவிட்டதாமே. நடந்ததை உனக்கு வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் நான் சொல்கிறேன்.

பத்து மணிக்கு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தே கால். பத்தரை. நீ வரவில்லை. முதலில் எனக்கு வந்தது நிம்மதி. உன்னிடம் இதையும் மறைக்கப்போவதில்லை. மனசு மாறிவிட்டாய், தங்கச்சி நம்மை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். தொப்பியைக்கூட மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன், எழுந்து போக.

அன்று வயர்லெஸில் கூப்பிட்ட கப்பல்காரன் முன்வரிசையில் இருந்தான். சின்ன வயசு. கையை மடியில் கோத்துக்கொண்டு தரையையே பார்த்தான். விசாரணை அதிகாரி முடிவை வாசிக்க ஆரம்பித்தார். இறந்தவர் இப்படி, இறந்தவர் அப்படி. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம், "இறந்தவருக்கு வயர்லெஸில் முறைப்படி பேசும் பழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை" என்றார்.

நான் சிரித்துவிட்டேன்.

வேண்டுமென்று இல்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது. எப்பேக்கா முறைப்படி பேசத் தெரியாது? சத்தமாகச் சிரித்தேன், கூடமே திரும்பிப் பார்த்தது. விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு உங்களுக்கு?"

"ஐயா, அவன் தூக்கத்துலகூட படகு பேரை மூணு வாட்டி சொல்றவன். நாங்கதான் கேலி பண்ணுவோம்."

"நாடாவுல பேரே சொல்லலையே?"

"சொல்லல. ஏன்னா அது அவன் இல்ல."

"பின்னே யாரு?"

தோரா, அந்த இடத்தில் வாயில் வந்தது நான்தான் என்பதுதான். அதைச் சொன்னால் அவர் எழுதிக்கொள்ள முடியாது. அதனால் முழுசாகச் சொன்னேன். "ஹோல்கர் ரவ்ன். படகு ராக்னா. பாகென்கோப். அந்தக் கூப்பாடு எனக்கில்ல. பதில் சொன்னது நான். எப்பே பேசுறப்போ நான் பட்டனை அழுத்திக்கிட்டிருந்தேன். அவன் பேசுனது எதுவும் யாருக்கும் கேக்கல." கப்பல்காரனுக்கு மொழிபெயர்ப்பாளர் காதில் சொன்னார். அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

ஊரில் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. படகுத்துறையில் பழைய கூட்டாளி ஒருத்தன், "உன்னப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? நாங்களும் கேட்டோம்னு எதுக்கு சொன்னே?" என்றான். ஆமாம், அதையும் சொன்னேன், விசாரணை அதிகாரி கேட்டதற்கு. நேற்றிலிருந்து எங்கள் தெருவில் எந்த அடுப்படியிலும் பெட்டி பேசவில்லை. மீட்புக் குழுவில் கேடயத்தைக் கொடுத்துவிட்டு என் பெயரையும் பட்டியலிலிருந்து அடிக்கச் சொல்லிவிட்டேன்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். என்னை மன்னிப்பாயா?

ஹோல்கர்

•

ஒன்செவிக்
12 டிசம்பர் 1993

அண்ணா,

முடிவின் அச்சுப் பிரதி வந்துவிட்டது. பதினொரு பக்கம். ஒரு பத்திதான் எனக்கு வேண்டியது: "தெர்னன் படகிலிருந்து சரியான எச்சரிக்கை உரிய நேரத்தில் அனுப்பப்பட்டது. வேறொரு ஒலிபரப்பு குறுக்கிட்டதால் அது எங்கும் கேட்கவில்லை." அதைப் பெரிதாக நகல் எடுத்து ரொட்டிக் கடைக்காரியிடம் கொடுத்தேன். வாசித்தாள். ஜன்னலில் ஒட்டுகிறேன் என்றாள். ஒட்டினாள். நான் வெளியே நின்று ஒட்டும்வரை பார்த்தேன்.

படகு ஓட ஆரம்பித்ததுமே நான் போய் என் பொய்யைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஏனம்மா அப்போது சொல்லவில்லை என்றார் விசாரணை அதிகாரி. "அண்ணன்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

பத்தாம் பக்கத்தில் உன்னைப் பற்றி இருக்கிறது. "தாமாக முன்வந்து உண்மை கூறிய திரு. ரவ்னின் நேர்மை பாராட்டத்தக்கது." அதைப் படித்துவிட்டு அந்தத் தாளைச் சுவரில் எறிந்தேன். தாமாக முன்வந்தாராம்! இரண்டு மாதம், என் மூன்று கடிதம், ஒரு சிரிப்பு. என்னை இழுத்துப் போட்டதற்கு ஒரு பாராட்டு, தள்ளிவிட்டதை ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு பாராட்டு. எப்பேக்கு "சரியான எச்சரிக்கை" என்று இரண்டு சொல். உலகம் உனக்கு எப்போதும் இப்படித்தான் அண்ணா, உனக்கே அது தெரிவதில்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் அன்று வரவில்லை, படகு ஓடவில்லை. நீ தொப்பியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நான் அப்புறம் வந்து சொல்லியிருப்பேன், ஆனால் உனக்கு அது தெரியாது. அதைப் பற்றி நிறைய யோசிக்கிறேன். யோசித்தாலும் கோபம் போகவில்லை.

கிறிஸ்துமஸ் இரவுச் சாப்பாட்டுக்கு அண்ணியை அனுப்பு. பன்றி வறுவல் செய்கிறேன், தனியாக ஒரு துண்டை என்னால் முழுசாகத் தின்ன முடியாது. நீ வராதே. அவன் நாற்காலியை எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன், நீ வந்தால் எங்கே உட்காருவாய் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணி கையில் நீ எதுவும் கொடுத்தனுப்பாதே, மீன்கூட வேண்டாம்.

மன்னிப்பாயா என்று கேட்டாய். இரண்டு மாதம் பதில் எழுதாமல் இருந்தேன், சரி என்று எழுத முடியுமா பார்க்கலாம் என்று. முடியவில்லை. மாட்டேன்.

அடுத்த வருஷம் மறுபடி கேள். அப்போதும் மாட்டேன் என்றுதான் எழுதுவேன் என்று நினைக்கிறேன். அதற்கு அடுத்த வருஷமும் கேள். கேட்காமல் மட்டும் இருந்துவிடாதே.

தோரா